மருத்துவம் சார்ந்த படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வேலூர் வட்டாரப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும். அந்தச் சூடு ஆறுவதற்குள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்துவிடும். உறவெல்லாம் கூடுகிற வீட்டில் மார்க் எவ்வளவு என்று கேட்ட கையோடு ஆளுக்கொரு படிப்பைச் சொல்லிவிட்டுப் போவார்கள். "பேசாம நர்சிங்ல சேர்த்துடு" என்பார் மாமா. "டயாலிசிஸ்தான் இப்ப ஓடுது" என்பார் சித்தப்பா. "பார்மசி படிச்சா சொந்தமா கடை வெச்சுக்கலாம்" என்று ஒரு குரல் திண்ணையிலிருந்து வரும். யார் சொன்னதும் தப்பில்லை. ஆனால் யாரும் அந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துச் சொன்னதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ஸின் பெயரையும் கல்லூரியின் கட்டடத்தையும் கடைசியில் பாருங்கள். அதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அந்த வேலையில் இருப்பவர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? படித்து முடித்ததும் அந்தத் தொழிலைச் செய்ய என் பெயர் எந்தக் கவுன்சிலில் பதிவாகும்? படிக்கும் காலத்தில் எந்த மருத்துவமனையில், எந்த நோயாளிகளிடம் வேலை கற்றுக்கொள்வேன்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாம் நீட் வழி. அது தனிக் கதை. நீட் கைகூடவில்லை என்பதால் வேண்டாவெறுப்பாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒரு வாரம் பொறுத்து வாருங்கள். டாக்டர் ஆக முடியாத கசப்போடு பிசியோதெரபி படிப்பவர், நோயாளிக்கும் உதவமாட்டார், தனக்கும் உதவமாட்டார்.

முதல் படி: வேலையை நேரில் பாருங்கள்

இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி வேறு ஊர்களுக்கு அரிது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை, இன்று சி.எம்.சி.யாக ஊரின் நடுவில் நிற்கிறது. அடுக்கம்பாறையில் 2005 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரம் சி.எம்.சி.யின் புதிய வளாகம் 2022-ல் திறந்தது. ஸ்ரீபுரத்தில் நாராயணி மருத்துவமனை இருக்கிறது. எந்தத் தெருவில் விசாரித்தாலும் லேபிலோ, வார்டிலோ, ரெக்கார்ட்ஸிலோ வேலை செய்யும் ஒருவர் கிடைப்பார். அவரிடம் "வேலை நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "நேத்து காலையில எத்தனை மணிக்குப் போனீங்க, என்னென்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் உங்களுக்குப் பயன்படும்.

ஒவ்வொரு படிப்பும் எந்த மாதிரி நாளைத் தரும் என்று சொல்கிறேன்.

நர்சிங்: நாலாண்டு பி.எஸ்சி., மூன்றாண்டு ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), இரண்டாண்டு ஏ.என்.எம். (துணை நர்ஸ், மருத்துவச்சிப் படிப்பு) என்று மூன்று வாசல்கள். இரவு ஷிப்ட் உண்டு, நின்றே செய்யும் வேலை, நோயாளியின் மலமும் சலமும் துடைக்கும் வேலையும் உண்டு. அதை முதலாண்டிலேயே செய்ய வேண்டியிருக்கும். இதைச் சொல்லாமல் சேர்த்துவிட்டுப் பிறகு பிள்ளை அழுகிறது என்று வருத்தப்படும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், இந்தப் பட்டியலில் எந்த ஊரிலும் எந்த நாட்டிலும் ஆள் தேவைப்படும் படிப்பு இதுதான். வேலூரில் நர்சிங் பள்ளி 1909-லேயே தொடங்கியது, பட்டப்படிப்பு 1946-ல் வந்தது. அதனால் நம் ஊரில் ஒரே குடும்பத்தில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை நர்சுகள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

லேப் டெக்னாலஜி: காலையில் ரத்தம் எடுப்பதில் தொடங்கி, பயோகெமிஸ்ட்ரி, ஹெமட்டாலஜி, மைக்ரோபயாலஜி என்று மாதிரிகளோடு நாள் போகும். நோயாளியோடு பேசுவது குறைவு, பொறுமையும் ஒழுங்கும் நிறைய வேண்டும். கூச்ச சுபாவமுள்ள, ஆனால் கவனமான பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஒரு குழாயில் பெயர் மாறி ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பயம் கொஞ்சம் இருக்க வேண்டும்.

ரேடியோகிராபி: எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. "கதிர்வீச்சு ஆபத்தில்லையா?" என்பதுதான் அம்மாக்களின் முதல் கேள்வி. எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுக்கும் ஊழியர் நெஞ்சில் டி.எல்.டி. என்ற அட்டையை அணிவார். அவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கணக்கிடுவார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். விதியை மதிக்கும் இடத்தில் இது பாதுகாப்பான வேலை. அட்டையே தராத இடத்தில் யாரும் வேலை செய்யக் கூடாது, பயிற்சிக்கும் போகக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் இந்த வகைக் கதிர்வீச்சே கிடையாது, காந்தம்தான்.

டயாலிசிஸ்: சித்தப்பா சொன்ன கோர்ஸ். சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்வது. ஒரு நோயாளிக்கு ஒரு தடவை நாலு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. வழக்கமான ஓட்டமான நிமிடத்துக்கு 500 மில்லி என்று வைத்தால் அந்த நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது. அதற்கான தண்ணீரின் சுத்தத்தைக் கவனிப்பதும் டெக்னீஷியன் வேலையில் சேரும். வேறு எந்தப் பிரிவிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு: அதே நோயாளிகள் ஆண்டுக்கணக்காக வருவார்கள். அவர்களுடைய மகள் கல்யாணம், பேரன் காதுகுத்து எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் ஒரு படுக்கை காலியாக இருக்கும். அதைத் தாங்கும் மனசு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கு வழிகாட்டிய இடங்களில் ஒன்று வேலூர், 1971-லேயே இங்கே அது வெற்றிகரமாக நடந்தது. அதனால் இந்தத் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ள அனுபவசாலிகள் உள்ளூரிலேயே உண்டு.

பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும்: இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் அதிகம். பிசியோ உடலை அசைய வைக்கும், வலியையும் பலத்தையும் கவனிக்கும். ஆக்குபேஷனல் தெரபி அந்த உடலை வைத்து வாழ்க்கையை நடத்தச் சொல்லித்தரும். பக்கவாதம் வந்தவர் ஒரு கையால் சட்டை பொத்தான் போடுவது, ஆட்டிசம் உள்ள குழந்தை வகுப்பில் உட்காருவது எல்லாம் அதில் சேரும். 1948 வாக்கில் டாக்டர் பால் பிராண்ட் இங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கியபோது, தசைநாணை இடம் மாற்றி வைத்தால் மட்டும் கை வேலை செய்துவிடவில்லை. அந்தக் கைக்குப் புதிதாகப் பழக்கம் கொடுக்கத் தெரபிஸ்டுகள் தேவைப்பட்டார்கள். விபத்தில் தானே கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் அமைய வழிசெய்தார். இந்த இரண்டு படிப்பையும் எடைபோட நினைப்பவர்களுக்கு இந்த ஊரைவிட நல்ல ஜன்னல் கிடைக்காது. ஒரே எச்சரிக்கை: பிசியோ படித்தவர்கள் ஊரில் நிறைய, ஆரம்பச் சம்பளம் குறைவு. மேற்படிப்போ, சொந்த கிளினிக்கோ மனதில் இருந்தால்தான் இறங்குங்கள். ஆக்குபேஷனல் தெரபிக்கு ஆள் குறைவு, தேவை அதிகம். என்னிடம் கேட்டால் நம்மவர்கள் கண்டுகொள்ளாமல் விடும் நல்ல படிப்பு அதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்டோமெட்ரி: கண் பரிசோதனை, கண்ணாடிப் பவர், கான்டாக்ட் லென்ஸ், இரவு வேலை கிட்டத்தட்ட இல்லை. ஆபரேஷன் தியேட்டர், அனஸ்தீஷியா டெக்னாலஜி: விடிகாலையில் தொடங்கும், நெருக்கடியில் பதறாதவர்களுக்கு ஏற்றது. பெர்ஃப்யூஷன்: இதய அறுவை சிகிச்சையின்போது ரத்த ஓட்டத்தை நடத்தும் இயந்திரத்தை இயக்குவது, இதய அறுவை சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே வேலை. பேச்சு, செவித்திறன் படிப்பு: குழந்தைகளோடு பொறுமை உள்ளவர்களுக்கு. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்: ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும், ஆனால் மருத்துவமனையில்தான் வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்கு, நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக்கும் மெடிக்கல் கோடிங் கம்பெனிகளுக்கும் போகலாம். பார்மசி: இரண்டாண்டு டி.பார்ம்., நாலாண்டு பி.பார்ம்., ஆறாண்டு பார்ம்.டி. மருந்துக் கடைக்கு டி.பார்மே போதும். அதற்காக மட்டும் பி.பார்ம். படிப்பது வீண் செலவு.

இரண்டாம் படி: உங்கள் குரூப் என்ன?

இது சீக்கிரம் முடிகிற விஷயம். பெரும்பாலான படிப்புகளுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் சேர்த்துப் படித்திருந்தாலும் சரி. பார்மசிக்குக் கணிதப் பிரிவு மாணவர்களும் வரலாம், உயிரியல் கட்டாயமில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டு "டாக்டர் பக்கம் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்.

மூன்றாம் படி: பெயர் எங்கே பதிவாகும்?

ஏமாற்று நடப்பது இங்கேதான். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில் விதிகளும், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவும். பார்மசி என்றால் 1948-ம் ஆண்டு பார்மசி சட்டமும் பார்மசி கவுன்சிலும். பேச்சு, செவித்திறன் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேப், ரேடியோகிராபி, டயாலிசிஸ், பிசியோ, ஆப்டோமெட்ரி போன்றவை நீண்ட காலம் இப்படியொரு தேசியக் கூரை இல்லாமல் இருந்தன. 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் அந்தக் குறையை நிரப்பத் தொடங்கியிருக்கிறது. அதன் புதிய பாடத்திட்டங்களால் சில படிப்புகளின் கால அளவும் சேர்க்கை முறையும் மாறுகின்றன. நாலரை ஆண்டாக இருந்த பிசியோதெரபி, பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தாண்டாகிறது. எனவே அண்ணன் சேர்ந்தபோது இருந்த விதியை நம்பாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டில் உள்ளதுதான் செல்லும்.

பட்டப்படிப்பு என்றால் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. கல்லூரி பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் கேட்கும் கோர்ஸும் அந்தக் கல்லூரியின் பெயருக்கு எதிரே இருக்க வேண்டும். நர்சிங்குக்கு அனுமதி வாங்கிவிட்டு, அதே போர்டில் இன்னும் ஐந்து கோர்ஸ்களை எழுதி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டத்தைத் தாங்களே தருகின்றன. அங்கே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் அங்கீகாரத்தோடு, அந்தத் துறைக்குரிய கவுன்சிலின் அங்கீகாரத்தையும் கேளுங்கள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் "ஆறு மாதத்தில் நர்சிங், நூறு சதவீதம் வேலை" என்ற போர்டைப் பார்த்தால் படியேறாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்துக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. அஞ்சல் வழியில் நர்சிங், பிசியோதெரபி என்று யாராவது சொன்னாலும் அப்படியே. 2025-ல் யு.ஜி.சி. துணை மருத்துவப் படிப்புகளையும் தொலைநிலை, ஆன்லைன் முறையில் நடத்தத் தடை விதித்துவிட்டது.

இன்னொரு குழப்பம். முத்துரங்கம், டி.கே.எம்., ஆக்சிலியம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் போன்ற நம் பகுதிக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம்தான் பட்டம் தருகிறது. அப்படிப்பட்ட கல்லூரியில் படிக்கும் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் நல்ல படிப்புகள், ஆராய்ச்சிக்கும் மருந்து, உணவுக் கம்பெனிகளுக்கும் போகலாம். ஆனால் அவை மருத்துவமனை லேப் டெக்னீஷியன் படிப்புக்குச் சமமில்லை. "மைக்ரோபயாலஜி படிச்சா லேபுக்குப் போயிடலாம்" என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

நான்காம் படி: வேலை அறிவிக்கையை இப்போதே படியுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுப்பது 2012-ல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நாம் எம்.ஆர்.பி. என்போம். அதன் பழைய அறிவிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் மனதில் இருக்கும் பதவியின் அறிவிக்கையை எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

சில அறிவிக்கைகள் பட்டத்தைக் கேட்பதில்லை, டிப்ளமோவைக் கேட்கின்றன. லேப் டெக்னீஷியன் பணியில் ஒரு கிரேடுக்கு இரண்டாண்டு டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமோ), இன்னொரு கிரேடுக்கு ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு என்று கேட்டிருக்கிறார்கள். நாலாண்டு படித்துவிட்டு, கேட்ட தகுதி வேறு என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? சில பதவிகளுக்குத் தேர்வே கிடையாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, தொழிற்படிப்பு மதிப்பெண்களைக் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். "பத்தாவது மார்க் யாரு பார்க்கப் போறா" என்று நினைத்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

நர்சாக வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் அதற்கும் இதே முறைதான். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி பி2 நிலை, பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வோடு அந்நாட்டு நர்சிங் கவுன்சிலின் இரண்டு கட்டத் தேர்வு, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்சிங் உரிமத் தேர்வு. ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று இருப்பதை மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கல்லூரியை விடுங்கள், மருத்துவமனையைப் பாருங்கள்

ஒரு கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஸ்மார்ட் கிளாஸ் ரூமையும் ஹாஸ்டல் மெஸ்ஸையும் சுற்றிக் காட்டுவார்கள். சரி, பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், "உங்கள் மருத்துவமனை எங்கே?" என்று கேளுங்கள். நர்சிங் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. படுக்கை இருந்தால் போதாது, அதில் நோயாளி இருக்க வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் பகல் பதினொரு மணிக்குப் போய் நின்று பாருங்கள். வரிசை இருக்கிறதா, நாற்காலிகள் காலியாக இருக்கின்றனவா? இன்ஸ்பெக்ஷன் இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமை போனால் உண்மை தெரியும்.

டயாலிசிஸ் கோர்ஸ் என்றால் எத்தனை இயந்திரங்கள், ஒரு பேட்ச்சில் எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். நாலு இயந்திரத்துக்கு முப்பது பேர் என்றால் வேடிக்கைதான் பார்ப்பீர்கள். ரேடியோகிராபி என்றால் சி.டி., எம்.ஆர்.ஐ. சொந்தமா, வெளியில் யாருடையதோ ஒன்றில் ஒப்பந்தமா என்று பாருங்கள். பாடம் நடத்துகிறவர் அதே துறையில் படித்தவரா என்பதும் முக்கியம். கடைசி ஆண்டு மாணவர்களை வளாகத்துக்குள் கேட்டால் உண்மை வராது. வெளியே டீக்கடையில் கேளுங்கள்.

கட்டடம் பழசாக இருந்தாலும் நோயாளி வெள்ளம் உள்ள அரசு மருத்துவமனையில் படிப்பதை, பளபளக்கும் காலி மருத்துவமனைக்கு மேலாகவே வைப்பேன். அடுக்கம்பாறையில் ஒரு வாரத்தில் பார்க்கும் பாம்புக்கடியையும் பைக் விபத்தையும் சில இடங்களில் ஓராண்டிலும் பார்க்க முடியாது. சி.எம்.சி. பக்கத்து லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் நோயாளிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே படிக்கும் பிள்ளைகள் இந்தியும் பெங்காலியும் கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். எந்தச் சிலபஸிலும் அது இல்லை.

ஆறாம் படி: எந்த வாசல் வழியாக?

அரசு இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு வழியாக ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., துணை மருத்துவப் பட்டங்கள் எல்லாம் இதில் வரும். பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசையும், 69 சதவீத இட ஒதுக்கீடும் இதன் வழக்கம். டிப்ளமோ நர்சிங்குக்கும் பிற டிப்ளமோக்களுக்கும் தனி அறிவிப்புகள் வரும், நாளிதழை விடாமல் பாருங்கள்.

சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம், தனிக் கையேடு, தனித் தேதி. கவுன்சிலிங் தேதிக்குக் காத்திருந்து சி.எம்.சி. தேதியைத் தவறவிடுவது உள்ளூர்ப் பிள்ளைகளிடமே அதிகம். கிறிஸ்தவ சிறுபான்மை நிறுவனம் என்பதால் திருச்சபைப் பரிந்துரையில் வரும் இடங்களும் உண்டு, அவற்றோடு படிப்புக்குப் பிந்தைய சேவை நிபந்தனை வரும். கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படியுங்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டுக்கு "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, நாளைக்கு சீட் இருக்காது" என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரமே சந்தேகப்பட வைக்க வேண்டும். கவுன்சிலிங் முடிகிற கட்டத்தில் பல கல்லூரிகளில் இடம் காலியாகவே கிடக்கும்.

ஏழாம் படி: காகிதங்கள்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துவிடுங்கள். ஜூன் மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்.

காட்பாடி, பேர்ணாம்பட்டு, குடியாத்தம் எல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சிக்கல் இல்லை. நடுவில் ஓரிரு ஆண்டு சித்தூர்ப் பக்கம் ஹாஸ்டலில் படித்திருந்தால், பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் கேட்பார்கள். கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைவதைவிட இப்போதே எடுத்து வையுங்கள். அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியிலும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

எட்டாம் படி: பணம்

தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கென்று அரசின் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. அது நிர்ணயித்த தொகை எவ்வளவு, அதற்கு மேல் யூனிபார்ம், பஸ், மருத்துவமனைப் பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று என்னென்ன வரும் என்பதை நாலாண்டுக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வேண்டாம். முதலாண்டுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி இரண்டாமாண்டில் ஏற்றுவதுதான் பழைய தந்திரம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கல்விக் கடன் 4 லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. ஆனால் அங்கீகாரம் இல்லாத கோர்ஸுக்கு வங்கி கடன் தராது. ஒரு கல்லூரியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் வங்கி மேலாளரிடம் இந்தக் கோர்ஸுக்குக் கடன் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

சேர்வதற்கு முன் இரண்டு முன்னேற்பாடு

நிறக்குருடு இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு இது பெண்பிள்ளைகளைவிட அதிகம், வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருக்கும். சாயம் போட்ட ஸ்லைடுகளை நிறத்தால் பிரித்தறிய வேண்டிய லேப் வேலையில் அது பெரிய இடைஞ்சல்.

அடுத்தது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. ஊசியும் ரத்தமும் தினமும் கையில் படும் வேலை. குழந்தையாக இருக்கும்போது போட்ட பதிவு இல்லையென்றால் மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். வார்டுக்கு அனுப்பும் முன் மூன்றும் முடிய வேண்டுமானால், சீட் உறுதியான வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.